முப்பத்து நான்கு மாதம் கெடாத களிம்பு

அன்று காலை ஒன்பது மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள்:

மாமா. அம்மாவின் தம்பி. களிம்புத் தொழிற்சாலையின் சொந்தக்காரர். புதுச் சட்டை போட்டிருந்தார். காலருக்கு அடியில் ஒரு குண்டூசி இன்னும் எடுக்கப்படாமல் இருந்தது.

அத்தை. மாமாவின் மனைவி. டப்பா, மூடி, அட்டைப்பெட்டி முதல் துடைப்பம் வரை எல்லாச் சாமானும் அவள் பொறுப்பு.

அக்கா. என்னோடு பிறந்தவள். தொழிற்சாலையின் கெமிஸ்ட். அந்தக் கட்டடத்துக்குள் படிப்பை முடித்த ஒரே ஆள்.

ஆய்வாளர். சான்றிதழ் நிறுவனத்திலிருந்து வந்த பெண்மணி. தோளில் பை, கையில் சாப்பாட்டுத் தூக்கு.

சென்ட்டுக்காரர். முப்பது கிளைகள் உள்ள கடை ஒன்றுக்குச் சரக்கு வாங்குகிறவர். அவர் வருவதற்கு முன்னால் அவர் வாசனை வந்துவிடும். அதனால் நாங்கள் வைத்த பெயர்.

நான். லேபிள் ஒட்டும் இயந்திரத்தை ஓட்டுகிறவன். கல்லூரியை இரண்டாம் ஆண்டில் விட்டவன். இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

மூலையில் ஒரு பிளாஸ்டிக் செடியும் இருந்தது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எங்கள் முத்திரையில் இருக்கும் இலை அதனுடையது.

எங்கள் களிம்பின் பெயர் இலைப்பால். லேபிளில் நான்கு வரிகள். நூறு சதவீதம் இயற்கை. ரசாயனம் இல்லை. பதப்படுத்தும் பொருள் இல்லை. தோல் மருத்துவர் பரிசோதித்தது. ஓர் இரவுக்கு நானூறு டப்பாக்களில் இந்த நான்கையும் ஒட்டுகிறேன். நாலாவது வரி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். மாமா முதுகு அரிப்புக்காக ஒரு தோல் மருத்துவரிடம் போனபோது டப்பாவைத் திறந்து நீட்டினார். மருத்துவர் மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான் பரிசோதனை.

முத்திரைக் கதை அதைவிடச் சின்னது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா என்னிடம், "டேய், ஒரு வட்டம் போடு. உள்ள ஒரு இலை போடு. சுத்தி 'இயற்கை, சரிபார்க்கப்பட்டது'ன்னு எழுது" என்றார். எனக்கு இலை வரைய வராது. பிளாஸ்டிக் செடியிலிருந்து ஒன்றைப் பிய்த்துத் தாளின்மேல் வைத்துச் சுற்றி வரைந்தேன்.

"யாரு மாமா சரிபார்த்தது?"

"நான்தான் இப்ப பாத்துக்கிட்டிருக்கேனே."

முத்திரை போட்ட மாதமே சரக்கு இரண்டு மடங்கு விற்றது. ஜனங்கள் வட்டத்துக்குள் இலையைப் பார்த்தால் யார் போட்ட வட்டம் என்று கேட்பதில்லை.

ஆனால் சென்ட்டுக்காரரின் கடை கேட்டது. நாற்பதாயிரம் டப்பா வாங்கத் தயார், நாலு மாதச் சரக்கு ஒரே மூச்சில். ஆனால் வெளியில் இருக்கும் ஒரு நிறுவனம் வந்து பார்த்துக் கொடுத்த நிஜமான சான்றிதழ் வேண்டும். மாமா துள்ளிக் குதித்தார். "வரச்சொல்லு. நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு?"

மறைக்க இருந்தது. அது எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று அன்று காலைவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் முதலில் செய்த இருநூறு டப்பாவில் பிரிசர்வேட்டிவ், அதாவது பதப்படுத்தும் பொருள், இல்லை. லேபிளில் இருந்ததெல்லாம் அன்றைக்கு உண்மை. மூன்றே வாரத்தில் அத்தையின் சிநேகிதி, ஒரு தையல்காரம்மா, டப்பாவோடு வந்து நின்றாள். உள்ளே எலிக்குட்டி படுத்திருப்பதுபோல் சாம்பல் நிறத்தில் பூசணம். அவளுடைய வலது இமை வீங்கிக் கண் மூடியிருந்தது. பதினைந்து நாள் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அத்தைதான் தினமும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தாள்.

அன்றைக்கு மாமா அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. "எப்படியாவது கெடாம பண்ணும்மா. எப்படின்னு மட்டும் என்கிட்ட சொல்லாதே. தெரிஞ்சா எனக்கு விக்க வராது."

அக்கா பண்ணினாள். நூற்றுக்கு ஒரு பங்கு கூட வராத அளவு பிரிசர்வேட்டிவ். எல்லாக் கம்பெனிக் களிம்பிலும் இருக்கிற, அனுமதிக்கப்பட்ட சாதாரணச் சரக்கு. கேனில் இருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டு 'தரை கழுவும் திரவம்' என்று எழுதி ஒட்டி, துடைப்பங்களுக்கு நடுவில் வைத்தாள். தொழிற்சாலைக் கோப்பில் அதற்கு வரி கிடையாது. தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்தாள்.

மாமாவுக்குச் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து மாமா, செடியின் சாற்றுக்கே அந்த சக்தி உண்டு என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். ஒரு வருடத்தில் அவரே நம்பிவிட்டார். பொய் சொல்கிறவனைத் திருத்தலாம். சொன்ன பொய்யை மறந்துபோனவனிடம் ஒன்றும் செய்ய முடியாது.

அக்காவுக்கு அதுவரை ஒரு தைரியம் இருந்தது. லேபிள்தான் பொய் சொன்னது, அவள் எங்கேயும் கையெழுத்துப் போட்டதில்லை. அந்த இடைவெளியில்தான் மூன்று வருடம் நிம்மதியாகத் தூங்கினாள். ஆய்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் படிவம் வந்தது. கடைசிப் பக்கத்தில், 'கோப்பில் உள்ளவற்றைத் தவிர வேறெதுவும் சேர்க்கப்படவில்லை' என்று ஒரு வரி. கீழே கெமிஸ்ட்டின் கையெழுத்து, பதிவு எண்.

"பொய்யா எழுதிக் கொடுத்து மாட்டினா பதிவை ரத்து பண்ணிடுவாங்கடா" என்றாள். "ஆயுசுக்கும். அப்புறம் நான் சோப்புத் தண்ணி கூடக் கலக்க முடியாது."

"போடாதே."

"போடலைன்னா நாற்பதாயிரம் டப்பா போச்சு. மாமா அதை நம்பி உள்ள வேலை பாக்குற பன்னெண்டு பேருக்கும் சட்டை தைச்சுக் கொடுத்திருக்காரு."

"அப்ப போடு."

"உன்கிட்ட வந்து கேட்டேன் பாரு."

ஆறு வருடம் படித்து, இரண்டு தடவை பரீட்சை எழுதி வாங்கிய பதிவு எண் அது. எங்கள் வீட்டில் யாருக்கும் எண் என்று ஒன்று இருந்ததில்லை, செருப்புக் கடையில் சொல்வதைத் தவிர.

ஆய்வாளர் உட்காரவே இல்லை. மாமா நாற்காலியை இழுத்து இழுத்துப் போட்டார். "நடந்துக்கிட்டே பேசலாம். உட்கார்ந்தா எனக்குத் தூக்கம் வரும்" என்றார் அந்தம்மா.

கலவை அறைக்குப் போனோம். அக்கா தொட்டியைத் திறந்து காட்டினாள். ஆய்வாளர் கேள்வி கேட்கும் வேகத்தில் எனக்கே மூச்சு வாங்கியது. எண்ணெய் எங்கிருந்து, மெழுகு எங்கிருந்து, எத்தனை டிகிரியில் கலக்குறீங்க, தொட்டியை எதால கழுவுறீங்க. அக்கா ஒவ்வொன்றுக்கும் பட்பட்டென்று பதில் சொன்னாள். பார்க்க அழகாக இருந்தது. இத்தனை நாள் அவள் இவ்வளவும் யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்திருக்கிறாள். அங்கே வேலை தெரிந்து கேட்கிறவர்கள் யாரும் இல்லை.

"லேபிள்ல செடி படம் போட்டிருக்கீங்களே, அந்தச் சாறு எவ்வளவு?"

"ஆயிரத்துல ஒரு பங்கு."

"படத்துல தோட்டமே இருக்கு. டப்பாவுக்குள்ள ஒரு துளியா?"

"துளியில கூட பாதி" என்றாள் அக்கா.

மாமா குறுக்கே புகுந்தார். "மேடம், கடுகு சிறுத்தாலும் காரம் போகாது."

"கடுகு இருந்தா சரி" என்று சொல்லிவிட்டு அந்தம்மா குறித்துக்கொண்டார்.

சென்ட்டுக்காரர் என் காதருகே வந்து, "இந்தம்மா எப்பவும் இப்படித்தானா?" என்றார். அவர் வாசனையில் எனக்குக் கண் எரிந்தது. இயற்கைப் பொருள் வாங்குகிற துறையில் பதினொரு வருட அனுபவமாம்.

அடுத்து சாமான் அறை. அத்தை முந்திக்கொண்டு போய்க் கதவருகே நின்றாள். ஆய்வாளர் அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார், மூடிகளைப் பார்த்தார், பிறகு துடைப்பங்களின் பக்கம் திரும்பினார். இரண்டு கேன்கள். குனிந்து படித்தார். தரை கழுவும் திரவம். ஒரு கேனின் மூடியில் விரலை வைத்தார். அக்கா சுவரைப் பார்த்தாள்.

"தரை கழுவ நல்ல பொருள்தானா?" என்று கேட்டார்.

"பிரமாதம்" என்றாள் அத்தை. "ஒரு எறும்பு வராது."

ஆய்வாளர் நிமிர்ந்து வெளியே நடந்தார். எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது. தப்பித்தோம் என்று அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் தப்பித்தவளின் களை எதுவும் இல்லை.

அறைக்குத் திரும்பினோம். ஆய்வாளர் முதல்முறையாக உட்கார்ந்து, படிவத்தைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தை எடுத்து அக்கா பக்கம் நகர்த்தினார். பேனாவை அதன்மேல் வைத்தார். "படிச்சுப் பாத்துட்டுப் போடும்மா. அவசரமில்லை."

அந்த நேரம் பார்த்து மாமாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சும்மா இருந்த சங்கை ஊதினார்.

"மேடம், ஒண்ணு காட்ட மறந்துட்டேன். இதைப் பாத்தாத்தான் எங்க சரக்கு என்னன்னு உங்களுக்குப் புரியும்."

சுவர் அலமாரியைத் திறந்தார். ஒவ்வொரு மாதமும் செய்த சரக்கிலிருந்து ஒரு டப்பாவை அதில் வைப்பது வழக்கம். முப்பத்து நான்கு டப்பாக்கள், தேதி எழுதி, பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் வரிசையாக. மாமா ஆகப் பழைய டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்து மூடியைத் திருகினார்.

"முப்பத்து நாலு மாசம். மோந்து பாருங்க. ஒரு புள்ளி இருக்கா? ஒரு வாடை இருக்கா? இதான் இயற்கை." விரலால் ஒரு குழி தோண்டி எடுத்து இடது கன்னத்தில் தேய்த்தார். மிச்சத்தை நாக்கில் வைத்துக்கொண்டார். "சாப்பிடலாம் மேடம். குழந்தைக்குக் கொடுக்கலாம்."

சென்ட்டுக்காரர் கைதட்டினார். மாமா கன்னத்தில் வெள்ளையாக, உலகத்தையே ஜெயித்த முகத்தோடு நின்றார்.

ஆய்வாளர் டப்பாவைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தார், கரண்டிபோன்ற ஒரு சிறு தகட்டால் அடிவரை கிளறினார். பிறகு அக்காவைக் கேட்டார். "இதுல தண்ணி எவ்வளவு?"

"அறுபத்தெட்டு சதவீதம்."

"பாதிக்கு மேல தண்ணி." டப்பாவை மாமாவின் பக்கம் வைத்தார். "சார், நேத்து மத்தியானம் நான் வெட்டி வெச்ச பழம் இன்னிக்குக் காலையில குழகுழன்னு ஆயிருச்சு. அதுவும் இயற்கைதான். உங்க களிம்பு மூணு வருஷமா கல்யாணப் பொண்ணு மாதிரி உட்கார்ந்திருக்கு. எப்படி?"

"அதான் மேடம் செடியோட சக்தி."

"ஆயிரத்துல ஒரு பங்குக்கா?"

"நம்பலைன்னா சோதிச்சுப் பாருங்க" என்றார் மாமா. எனக்கு அவர் வாயைப் பொத்தவேண்டும்போல் இருந்தது. "ஒண்ணு போதாது, பத்து டப்பா எடுத்துக்கங்க. எந்த லேப்ல வேணும்னாலும் கொடுங்க. டேய், மேடத்துக்குப் பை எடுத்துட்டு வா."

"மூணு நாள் ஆகும்" என்றார் ஆய்வாளர். "உள்ள என்ன இருக்கு, எத்தனை கிராம் இருக்கு, பேரோட வந்துரும்." பிறகு குரலை இறக்கி, அக்காவிடம் மட்டும் பேசுவதுபோல் சொன்னார். "இந்தத் தாள்ல கையெழுத்து இன்னிக்குப் போடணும். லேப் பேப்பர் மூணு நாள் கழிச்சு வரும். ரெண்டையும் நான் ஒரே கோப்புல வைப்பேன். அதான் என் வேலை."

பக்கத்துக் கூடத்தில் டப்பா நிரப்பும் இயந்திரம் டக் டக் என்று ஓடுவது கேட்டது.

"போடும்மா" என்றார் மாமா, வாஞ்சையாக. "உன் கையெழுத்து இன்னிக்குத்தான் முப்பது கடைக்குப் போகுது."

அக்கா பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். எழுந்து வெளியே போனாள்.

"கை கழுவப் போறா" என்றார் மாமா. "சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம்."

அவள் திரும்பி வரும்போது ஒரு கையில் கேன், இன்னொரு கையில் நோட்டு. கேனைத் தூக்கி மேஜைமேல் தொம்மென்று வைத்தாள். பேனா துள்ளிக் கீழே விழுந்தது. இவள் இப்படிச் செய்வாள் என்று நான் நினைக்கவே இல்லை, செய்ததும் வேறெப்படிச் செய்திருப்பாள் என்று இருந்தது.

"இது தரை கழுவுறது இல்லை. பிரிசர்வேட்டிவ். முப்பத்து நாலு மாசமும் நான்தான் போட்டேன். எந்த மாசம் எவ்வளவுன்னு இதுல இருக்கு." நோட்டை ஆய்வாளரிடம் நீட்டினாள். "ஒரு தடவை கூட அளவு தாண்டல."

மாமா கேனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அவர் நடிக்கவில்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. "ஏம்மா," என்றார், "என்னை ஏமாத்திட்டியே."

"நீங்கதான் மாமா சொல்லாதேன்னீங்க."

"நானா?"

"தையல்காரம்மா கண்ணு வீங்கி வந்த அன்னிக்கு. இதே அறையில."

"சொல்லாதேன்னா சொல்லாமலே இருந்துர்றதா? மூணு வருஷமா?" அவர் அத்தையிடம் திரும்பினார், நியாயம் கேட்பதுபோல். "உனக்குத் தெரியுமா இது?"

அத்தை முந்தானையால் மேஜையில் சிந்திய ஒரு சொட்டைத் துடைத்தாள். "மாசத்துக்கு ஒரு கேன். முப்பத்து மூணு கேன் ஊத்திக் கழுவினா நம்ம தரை கண்ணாடி மாதிரி இருக்கணும். இன்னும் செருப்பு ஒட்டுது. எனக்கென்ன கண்ணு பொட்டையா?"

நான் சிரித்துவிட்டேன். ஆய்வாளரும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன், நோட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரிஞ்சா விக்க வராதே" என்றாள் அத்தை.

ஆய்வாளர் நோட்டை முழுக்கப் படித்தார். ஒரு பக்கத்தில் நிறுத்தி ஏதோ சந்தேகம் கேட்டார், அக்கா குனிந்து பதில் சொன்னாள். வேலை தெரிந்த இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல் இருந்தது. பிறகு நோட்டை மூடினார்.

"சான்றிதழ் கிடையாது. இயற்கைன்னு நாங்க ஒத்துக்கிற பட்டியல்ல இந்தப் பொருள் இல்லை. ஆனா ஒண்ணு சொல்றேன். இதைப் போடாம வித்திருந்தீங்கன்னா, நான் இங்கிருந்து நேரா சுகாதாரத் துறைக்குப் போயிருப்பேன். களிம்பு நல்ல களிம்புதான். லேபிள்தான் கெட்டுப்போச்சு." டப்பாவைத் திருப்பினார். "நாலு வரியும் எடுக்கணும். இந்த முத்திரை யார் கொடுத்தது?"

மாமா என்னைப் பார்த்தார்.

"நான் வரைஞ்சேன்" என்றேன். "அந்தச் செடியில இருந்து."

ஆய்வாளர் எழுந்துபோய்ப் பிளாஸ்டிக் இலையைத் தொட்டுப் பார்த்தார். "தூசி தட்டுங்க" என்றார். "இந்த முத்திரை இன்னிக்கே நிக்கணும். அறிக்கையில எழுதுறேன்."

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த அந்த வரியை அக்கா அடித்தாள். அதன் பக்கத்தில், கோப்பில் இல்லாத ஒரு பொருளைத் தான் சேர்த்ததாகவும் அளவுகள் இணைப்பில் இருப்பதாகவும் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். பதிவு எண்ணைக் கட்டம் கட்டமாக, ஒவ்வொரு எண்ணையும் அழுத்தி எழுதினாள். அதற்குள் அவளுக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"என் பதிவுக்கு ஏதாவது ஆகுமா?"

"கோப்பை ஒழுங்கா வைக்கலைன்னு ஒரு எச்சரிக்கை வரும். உண்மையை எழுதிக் கொடுத்தவளை யாரும் ரத்து பண்ண மாட்டாங்க." ஆய்வாளர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டார். "வேலை தேடினா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லும்மா." மாமாவின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சென்ட்டுக்காரர் அப்போதுதான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"சார், மனசை விடாதீங்க. இந்தம்மா கொஞ்சம் கறார். வேற ஒரு நிறுவனம் இருக்கு. நேர்ல வரமாட்டாங்க. பேப்பர் அனுப்பினா போதும். அவங்க முத்திரையும் பச்சைதான்."

மாமாவின் கண்கள் திறந்தன. "பேப்பர் மட்டுமா?"

"கோப்பு, ஒரு கெமிஸ்ட் கையெழுத்து. எந்தக் கெமிஸ்ட்டா இருந்தா என்ன? எங்கிட்ட ரெண்டு பேர் இருக்காங்க. எங்க கடைக்கு வேண்டியது ஒரு வட்டம். யார் வட்டம்னு யாரு பாக்கப்போறா? நான் கார்ல இருக்கேன். பத்து நிமிஷத்துல முடிவு சொல்லுங்க, போற வழியில இன்னொரு கம்பெனி இருக்கு."

அவர் வெளியே போனார். வாசனை போகவில்லை.

மாமா அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கன்னத்தில் களிம்பு காய்ந்து வெடித்திருந்தது. திடீரென்று நின்றார். முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் எங்களுக்குப் பயம் வந்துவிடும்.

"பொய்தானே வேண்டாம்ங்கறே? சரி. பொய்யே வேண்டாம். இனிமே நிஜமாவே போடாம செய்வோம். லேபிள்ல இருக்கிறது எல்லாம் உண்மையாயிரும். நாற்பதாயிரம் டப்பாவும் சுத்தமான இயற்கை. நீயும் நிம்மதியா இருக்கலாம், நானும் நிம்மதியா இருக்கலாம்."

அக்கா கலவை அறைக்குள் போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு தடவை கலக்கும்போதும் பிரிசர்வேட்டிவ் ஊற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு டப்பா தனியாக எடுத்து வைப்பாளாம். எனக்கே அது தெரியாது. மூடியைத் திறந்து மாமாவின் முன்னால் பிடித்தாள்.

பச்சையும் கறுப்புமாக, மேலெல்லாம் ரோமம். ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு திட்டு.

"இன்னியோட பத்தொன்பது நாள்" என்றாள். "இதுதான் சுத்தமான இயற்கை. தடவிக்கங்க மாமா."

மாமா ஒரு அடி பின்னால் போனார்.

"இன்னொரு கன்னம் சும்மாத்தானே இருக்கு."

"எங்கிட்டயே வாயடிக்கிறியா?"

"நாற்பதாயிரம் பேர் தடவிக்குவாங்க. நீங்க ஒருத்தர் தடவிக் காட்டுங்க. நான் இப்பவே போய்த் தொட்டியை ஓட்டுறேன்."

அவர் டப்பாவைப் பார்த்தபடி நின்றார். ஒரு நிமிடம் விட்டுவிடுவார் என்று தோன்றியது. அத்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே கார் ஹாரன் அடித்தது. ஒரு தடவை, பிறகு நீளமாக இன்னொரு தடவை.

"இப்படி ஆக பத்தொன்பது நாள் ஆகுதுல்ல" என்றார் மாமா மெதுவாக. "செஞ்ச பதினைஞ்சு நாள்ல சரக்கு கடைக்குப் போயிரும். அப்புறம் அது கடைக்காரன் பாடு."

"அப்புறம் அது தடவுறவ கண்ணு" என்றாள் அத்தை.

"நீ சும்மா இரு. தொழில் தெரியாம பேசாதே." மேஜையிலிருந்து கோப்பையும் ஒரு நல்ல டப்பாவையும் வாரி அணைத்துக்கொண்டார். "அவர் கெமிஸ்ட் கையெழுத்துப் போடட்டும். தொட்டியை நானே ஓட்டிக்கிறேன். பெரிய வித்தையா அது? ஊத்துறது, கலக்குறது."

சட்டைக் காலரில் குண்டூசி மின்ன, அவர் கூடத்தைத் தாண்டி வேகமாக நடந்தார். நிரப்பும் இயந்திரத்தின் முன்னால் இருந்த பன்னிரண்டு பேரும் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். அத்தை அவர் பின்னாலேயே போனாள். சமாதானம் பேசப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அக்காவும் நானும் பின்னால் ஓடினோம்.

மாமா வாசலைத் தாண்டி இறங்கினார். "வந்துட்டேன் சார், வந்துட்டேன்" என்று காரைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

அத்தை வாசலுக்கு உள்ளேயே நின்று இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தினாள். குறுக்குக் கம்பியைத் தள்ளினாள். இடுப்பிலிருந்த கொத்திலிருந்து ஒரு சாவியைப் பிரித்து, பூட்டில் செருகி, இரண்டு தடவை திருகினாள்.